இறங்கு ஏலம்

சுத்திட்டே இருக்குது. திரைக்கு நடுவுல சின்னதா ஒரு வட்டம் அதுபாட்டுக்குச் சுத்திட்டே இருக்குது, கீழ சித்த நேரத்துல ஏலம் தொடங்கும்னு இங்கிலீசுல போட்டிருக்குது, அந்தச் சித்த நேரம் எப்ப முடியும்னு அதுக்கே தெரியாதாட்ட இருக்குது. நான் இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்திருக்கறேன், பொண்ணு பாக்க வந்தவனாட்ட. எதுக்கு இந்தச் சட்டை, எவன் பாக்கப் போறான். முன்னெல்லாம் வல்லகி கம்பெனிக்கு வெல பேசப் போறதுன்னா குளிச்சு, திருநீறு வெச்சு, இஸ்திரிச் சட்டை போட்டுட்டுத்தான் போவேன். அந்தப் பழக்கம் உடம்ப உட்டுப் போகல. ஆளே இல்லாத எடத்துக்கும் அதையே மாட்டிட்டு வந்து உக்காந்திருக்கறேன். ஷெட்டு அமைதியா இருக்குது, அதுதான் எனக்குப் புடிக்கல. காயில் சுத்தற மெஷின் ஒண்ணுகூட ஓடல. வல்லகிக்காரனோட பழைய ஆர்டரு போன வாரத்தோட முடிஞ்சுபோச்சு, பொம்பளைங்க மெஷினத் தொடச்சுட்டு, தொடச்சதையே மறுக்காத் தொடச்சுட்டு இருக்கறாங்க. வார்னிஷ் வாடை மட்டும் போகல, அது செவுத்துக்குள்ளயே ஊறிப்போச்சு, என்ற மூக்குக்குள்ளயும் ஊறிப்போச்சு. நான் செய்யறது ஒரே சாமான்தான், இன்வெர்ட்டருக்குள்ள போற காயிலு. அத வாங்கறதும் ஒரே ஆளுதான், வல்லகி. அந்தச் சாமான்தான் இன்னிக்கு இந்தத் திரைக்குள்ள ஏலத்துக்கு வருது. எச்சாக் கேக்கறவனுக்கு இல்ல, எவன் கொறச்சுத் தர்றேங்கறானோ அவனுக்கு. கெடச்சா அடுத்த வருசம் பூராம் மெஷின் ஓடும். போச்சுன்னா ஷெட்டுக்குப் பூட்டுதான், வேற பேச்சே இல்ல. காத்தால இட்லி தின்னுட்டு ஊட்டுக்காரி சாந்தாமணிகிட்ட அதைத்தான் சொன்னேன், எந்த வெலைக்காவது கெடச்சாப் போதும்டி சாமின்னு. அவ சட்னிக் கரண்டியப் புடிச்சுட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. என்ற மூஞ்சி எப்படி இருந்துச்சோ அப்ப.

போன் அடிக்குது. வெங்கிடுபதி, சாந்தாவோட தம்பி. வேணாம்னா உடமாட்டான், எடுக்கற வரைக்கும் அடிப்பான். கிராஸ்கட் ரோட்டுல பங்கு வாங்கி விக்கற ஆபீஸ் ஒண்ணு இருக்குது, ரிட்டயர் ஆனதுல இருந்து அங்கதான் கெடையாக் கெடக்கறான், வேலைக்குப் போன காலத்துல கூட இத்தன ஒழுங்கா எங்கயும் போனதில்ல. வல்லகி பங்கு காத்தால தொறந்ததுமே எகிறிட்டு நிக்குதாம். பம்பாயில பெரிய ஓட்டலு, மொதலு போடறவனுகளையெல்லாம் கூட்டி வெச்சு, கம்பெனி மொத்தக் கொள்முதலும் இனி ஆன்லைன்லதான்னு வல்லகிக்காரங்க சொல்லப் போறாங்களாம், சும்மா சொல்றதில்ல, இன்னிக்கு நடக்கற ஏலத்தையே பெரிய திரையில நேராக் காட்டப் போறாங்களாம். வெல கொறையக் கொறைய ஒரு கோடு எறங்குமாம். கோடு எறங்க எறங்க பங்கு ஏறுமாம். இனி நடுவுல உக்காந்துட்டு எவனும் திங்க முடியாது மச்சான்னான், சந்தோசமா. நடுவுல உக்காந்து திங்கறவன் நாந்தான்டா மாப்ளேன்னு சொல்லியிருக்கலாம், சொன்னா மட்டும் அவனுக்கு என்ன வெளங்கப் போகுது. அவன் மேல கோவமும் வரமாட்டேங்குது. அக்கா பேருலயும் கொஞ்சம் வாங்கிப் போட்டிருக்கறேன், உங்க கம்பெனிதானுங்களேன்னு போன மாசம் ஊட்டுக்கு வந்து ஜிலேபி வெச்சுட்டுப் போனவன். உங்க கம்பெனியாம். இத்தன வருசத்துல அந்தக் கம்பெனி கேட்டுக்கு உள்ள என்ற வண்டிய நிறுத்தினதில்ல, வெளிய வேப்பமரத்தடிதான். ஏலம் முடிஞ்சதும் பேசறேன் மாப்ளேன்னு போன வெச்சேன்.

வட்டம் நின்னுபோச்சு. வெல போடற பெட்டி தொறந்துருச்சு. மூணு பேர் கலந்துக்கறாங்கன்னு மேல போட்டிருக்குது, பேரு கெடையாது. நீ எத்தனையாவது, இப்ப அடி வெல என்னன்னு மட்டும் காட்டும், அதப் போட்டவன் யாருன்னு காட்டாது. மூணு பேர் இல்லாட்டி ஏலமே தொறக்காதுன்னு ஏலத்தப் பத்திச் சொல்ல வல்லகி கூட்டுன கூட்டத்துல ஒரு சின்னப் பொண்ணு சொல்லுச்சு, வல்லகியோட புதுக் கொள்முதல் அதிகாரி, என்ற பொண்ணு கவின்மலரு வயசுதான் இருக்கும். நீங்க எல்லாரும் எங்க கூட்டாளிங்கன்னு வேற சொல்லுச்சு. மூணு பேர்ங்கறது எனக்குப் புதுசா என்ன. முன்ன வல்லகில கொள்முதல் பாத்த பத்ரி சார் காலத்துல இருந்தே மூணு கொட்டேஷன் வேணும், ஆடிட்டுக்கு. நாச்சிமுத்து, மூணையும் நீயே குடுத்துருய்யாம்பார், டீயக் குடிச்சுட்டே. நான் என்ற லெட்டர்பேடுல ஒண்ணு, சாந்தாமணி எண்டர்பிரைசஸ்னு ஒரு கம்பெனி அவ பேருல பதிஞ்சு அதுல ஒண்ணு, சிநேகிதகாரன் பேருல ஒண்ணுன்னு மூணையும் கொண்டு போய் வெப்பேன். கோயமுத்தூருல பாதிப் பட்டறை அப்படித்தான் நடந்துச்சு, யாருக்கும் அது தப்பாட்டயே தெரியல. சாந்தா அவ கையாலயே எழுதுவா, என்ற வெலைக்கு மேல ரெண்டு ரூவா எச்சா வெச்சு. கையெழுத்துப் போடறப்பெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பா. இத்தன வருசமா உங்ககிட்ட தோத்துட்டே இருக்கறனே, ஒருக்காவாச்சும் என்னைய ஜெயிக்க உடுங்கம்பா. அந்தப் பழக்கத்துலதான் இந்தப் புது ஏலத்துக்கும் அவ கம்பெனியச் சேத்து உட்டேன். மூணாவது ஆளு ஓசூர்க்காரன் ஒருத்தன், கூட்டத்துல பாத்தேன், கம்ப்யூட்டர்ல சுத்தற மெஷின் வெச்சிருக்கறானாம். நான் சேக்காம உட்டிருந்தா ரெண்டே பேரு, ஏலமே தொறந்திருக்காது, அப்பறம் அவங்களே வேற யாரையாச்சும் தேடியிருப்பாங்க. ஒரே நெட் லைன்ல இருந்து ரெண்டு பேரு உள்ள வந்தா கண்டுபுடிச்சுருவாங்கங்கறதுனால சாந்தாவ ஊட்டுலயே, கவின்மலரு உட்டுட்டுப் போன லேப்டாப்புல உக்கார வெச்சிருக்கறேன். ஒரே ஊட்டு ஆளுகன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் தூக்கிருவாங்க. அதனால போன் கீன் பண்ணாதே, ஒரு எச்சு வெலையப் போட்டுட்டு சும்மா உக்காந்திருன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னேரம் போட்டுட்டு அரிசி கழுவப் போயிருப்பா.

மொத வெலைய நான் போட்டேன். போட்டதும் பெட்டிக்குள்ள ஒண்ணுன்னு பச்சையா வந்துச்சு. மனசு அதுக்கே குளுந்துபோச்சு, பள்ளிக்கொடத்துல வாத்தியாரு முதுகுல தட்டுனாப்பல. அஞ்சு நிமிசம் அப்படியே நின்னுச்சு. மரகதம் வாசப்படில வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. இந்த ஷெட்டு தொறந்த நாள்ல இருந்து இருக்கற பொம்பள, மத்தவங்களை மேய்க்கறது அதுதான், ஏனுங்கன்னு வாயத் தொறந்து கேக்காது, கண்ணுலயே கேக்கும். பச்சையக் கை காட்டுனேன். அது தலைய ஆட்டிட்டு உள்ள போனதும் செவப்பாயிருச்சு. ரெண்டு. ஓசூர்க்காரன் எறங்கிட்டான். சரி, நானும் எறங்கறேன், கொஞ்சம் எடம் வெச்சுத்தான் ஆரம்பிச்சேன். ஒரு ரூவா எறங்குனேன், பச்சை. சித்த நேரத்துல செவப்பு. மறுக்கா ஒரு ரூவா. பச்சை, செவப்பு. எறங்குனா மறுக்கா ஏற முடியாது, மாடிப்படில எறங்குன படிய யாரோ பின்னாடியே பேத்துட்டு வந்தாப்பல. யார்கிட்டயாச்சும் கேக்கோணும்னு இருக்குது. பத்ரி சார்னா மூஞ்சியப் பாத்தாத் தெரியும். இதுக்குக் கீழ வேணாம் நாச்சிமுத்து, சாமான் கெட்டுப்போயிரும்பாரு, இல்லாட்டி கண்ணாடியக் கழட்டி மேசைல வெப்பாரு, அப்ப இன்னும் ஒரு எட்டணா எறங்கோணும்னு அர்த்தம். ஒருக்கா செம்பு வெல ஏறுனப்ப அவரு ரூம்புல நான் அழுதே இருக்கறேன். வெக்கமா இல்ல, டீ வாங்கிக் குடுத்தாரு, வெலையும் ஏத்திக் குடுத்தாரு. இந்தத் திரைகிட்ட எப்படி அழுகறது. கெஞ்சறதுக்கு ஒரு மூஞ்சி வேணுமில்ல. திட்டறதுக்காச்சும் வேணும். பெட்டிக்குள்ள வெறும் ரெண்டு நிக்குது, அது என்னையப் பாக்கறதுமில்ல, பாக்காம இருக்கறதுமில்ல.

ஏலம்னா எனக்குத் தெரிஞ்சது மாரியம்மன் கோயில் ஏலந்தான். நோம்பி முடிஞ்ச அடுத்த நாளு, அம்மன் மடியில வெச்ச எலுமிச்சம்பழத்த ஏலம் உடுவாங்க, கொழந்த இல்லாதவங்க எடுத்தா மறு வருசம் தொட்டில் கட்டலாம்னு. எங்களுக்குக் கல்யாணமாகி அஞ்சாறு வருசம் ஒண்ணும் இல்ல. நான் ஆம்பளைங்க பக்கம் நின்னு ஏத்தி ஏத்திக் கேக்கறேன், பொம்பளைங்க கூட்டத்துல இருந்து எவளோ என்னைய உடாம ஏத்தறா. எனக்கானா பொசுபொசுன்னு வருது, இவ யாருடா எனக்குப் போட்டியான்னு. கடைசில பூசாரி பழத்தக் கீழ வெச்சுட்டு வயித்தப் புடிச்சுட்டு சிரிக்கறாரு. ஏனுங்க கவுண்டரே, உங்க ஊட்டு அம்மிணிதானுங்க அது, ரெண்டு பேரும் எதுக்கெதுக்க ஏலம் கேட்டுட்டிருக்கறீங்கன்னாரு. கோயிலே சிரிச்சுது. கூட்டம் வெலகுது, அங்க சாந்தா, தலைல பூவோட, மூஞ்சியெல்லாம் வேர்த்து, என்னையப் பாத்து நாக்கக் கடிச்சுக்கிட்டு நிக்கறா. பூசாரி வெலையக் கொறச்சு, மொதல்ல நான் கேட்ட வெலைக்கே குடுத்தாரு. அடுத்த வருசம் கவின்மலரு. அது இப்ப பெங்களூருல பெரிய வேலைல இருக்குது, அதோட கம்பெனியும் இந்த மாதிரி எதையோதான் எழுதி விக்குதாம், கேட்டா உங்களுக்குப் புரியாதுப்பாங்குது. எதுக்கு இப்ப அந்த நெனப்பு. செவப்பு. ரெண்டு. நான் கோயில்ல நின்னுட்டிருந்த நேரத்துல அவன் மறுக்கா எறங்கிட்டான், பாவி.

காயிலு ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு ரூவா. இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு நேத்தே மனசுல கோடு போட்டு வெச்சிருந்தேன். மரகதத்துகிட்டயும் சொல்லியிருந்தேன், சாந்தாகிட்ட சொல்லல, அவளுக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்னு உட்டுட்டேன். கம்பி வெல, கூலி, கரண்டு போக இதுல மிச்சம்னு ஒண்ணும் இல்ல, ஷெட்டு ஓடும், அவ்வளவுதான். போட்டேன். பச்சை. கண்ண மூடிக்கிட்டேன். முடியறதுக்கு ரெண்டே நிமிசம், அது இப்படியே போயிட்டாப் போதும். கடைசி நிமிசத்துல எவனாச்சும் எறங்குனா நேரத்த நீட்டிருவாங்க, அதுதான் பயம். நெஞ்சு எரியுது, இட்லிதான் இது, நெஞ்சுவலின்னா எடது கை இழுக்கும்னு சொல்வாங்க, எடது கை இழுக்குதா. இழுக்கல. சும்மா பாரமா இருக்குது. கண்ணத் தொறந்தா செவப்பு. பத்துப் பைசா எறங்கியிருக்கறான். பத்தே பைசா. நேரம் நீண்டுருச்சு. ஏண்டா டேய், ஓசூர்ல கம்ப்யூட்டர் மெஷின் வெச்சிருக்கறவனுக்குப் பத்துப் பைசாவுல பேரம் பேசறதுக்கு வெக்கமா இல்ல. கீரக்கட்டு வாங்கறவளாட்ட நிக்கறான். நானும் பத்துப் பைசா எறங்குனேன். அவனும் பத்துப் பைசா. இவன் பெரிய ஆளு இல்ல, பெரிய ஆளுன்னா ஒரே அடியா எறக்கி என்னைய ஊட்டுக்கு அனுப்பியிருப்பான். ஒவ்வொரு தடவையும் சித்த நேரம் ரோசிக்கறான், கடைசி நேரத்துலதான் அமுத்தறான், அவனுக்கும் என்னையாட்டப் பயம் போல. ஒரு நிமிசம் அவன் மேல எனக்கு எரக்கமே வந்துபோச்சு. அவனுக்கும் ஒரு ஷெட்டு இருக்கும், வாசப்படில ஒரு மரகதம் நிக்கும். அடுத்த நிமிசமே செவப்பு. எரக்கமாவது ஒண்ணாவது. நீ நல்லா இருப்பியாடா, என்ற சோத்துல மண்ணப் போடறயே, உன்ற ஊட்டுல அடுப்பெரியுமாடான்னு வாய் உட்டே திட்டிட்டேன். வெளிய பொம்பளைங்க பேச்சு நின்னுபோச்சு.

அப்பறம் எனக்குப் புத்தி இல்ல. முப்பத்திநாலுக்கு வந்தாச்சு, முப்பத்திமூணுக்கு வந்தாச்சு. ஒவ்வொரு தடவையும் உறுதியான்னு ஒரு பெட்டி கேக்குது, உறுதின்னு அமுத்தறேன், உறுதின்னு ஒண்ணும் கெடையாது எனக்குள்ள, வெரலுதான் அமுத்துது. கம்பி வெல கொறஞ்சாலும் கொறையும்ங்கறேன் எனக்கே. ஒரு வருசம் பல்லக் கடிச்சுட்டு ஓட்டுனா அடுத்த வருசம் ஏத்திக் கேக்கலாம்ங்கறேன். யார்கிட்ட கேப்பே. ஒருக்கா வெளிய உட்டா மறுக்கா உள்ள வர முடியாது, அதுக்கோசரமாச்சும் நிக்கோணும்ங்கறேன். ஜெயிச்சுட்டு முடியாதுன்னு பின்வாங்குனா எப்பவும் உள்ள சேக்கமாட்டோம்னும் அந்தப் பொண்ணு சொல்லியிருக்குது, சிரிச்சுட்டே சொல்லுச்சு. நிக்கவும் பயம், போகவும் பயம். பம்பாயில அந்தக் கோடு எறங்கிட்டிருக்கும் இன்னேரம். கோட்டு போட்டவனுக கையில டீக் கப்போட பாத்துட்டிருப்பானுக, அட அட எப்படி எறங்குது பாருன்னு. என்ற வெரலுடா அது. அந்தக் கோட்டுக்கு உள்ள என்ற வெரலும் ஓசூர்க்காரன் வெரலும் இருக்குது, வேர்த்துப்போயி. மேசை மேல ஒரு ஈ உக்காந்து கையக் கையத் தேய்க்குது. அது என்னையத்தான் பாக்குது போல. முப்பத்திரெண்டு ரூவா எம்பது பைசா. பச்சை. நான் மூச்சு உடல. செவப்பாகல. ஆகல. ஆகவே இல்ல. நேரம் ஓடி ஓடிக் கடைசில நின்னுபோச்சு, ஏலம் முடிந்தது, முதலிடம்னு பெட்டி நெறையப் பச்சையா வந்து, அதுக்கு மேல காகிதப் பூ கொட்டறாப்பல ஒரு படமும் காட்டுனானுக.

மரகதம் வந்து நிக்குது. கெடச்சிருச்சுங்களான்னு இப்பத்தான் வாயத் தொறந்து கேட்டுச்சு. கெடச்சிருச்சுன்னேன். எத்தனைக்குன்னு அது கேக்கல, நானும் சொல்லல. சேலைத் தலைப்பால கண்ணத் தொடச்சுட்டு உள்ள ஓடுச்சு, வயசானவ ஓடற மாதிரியா ஓடுது. உள்ள பேச்சும் சிரிப்புமா ஆயிருச்சு. எவளோ ஒருத்தி வெறும் மெஷின ஓட்டிப் பாக்கறா, கம்பி இல்லாம அது உர்ருன்னு சுத்துது. அவங்களுக்கு என்ன தெரியும், ஒவ்வொரு காயிலுக்கும் என்ற கையில இருந்து காசு போட்டுத்தான் அனுப்போணும், எத்தன எச்சா சுத்தறாங்களோ அத்தன வேகமா நான் முடிஞ்சுபோவேன். பொங்கல் வரைக்கும் தாங்குவனா. தாங்கலாம், சாந்தா நகை இருக்குது. சீ, என்ன நெனப்பு இது. மறுக்கா வெங்கிடுபதி. எடுத்தேன். மச்சான், பாத்தீங்களா, டிவில காட்டுனானுகன்னு கத்தறான். கடைசில ரெண்டு பேரு மட்டும் நின்னானுகளாம், மத்த ஒருத்தன் மொதப் போட்டதோட சரி, அசையவே இல்லையாம், இந்த ரெண்டு பேரும் பத்துப் பத்துப் பைசாவா அடிச்சுட்டு எறங்குனானுகளாம், கோழிச் சண்டையாட்ட. அந்த மண்டபமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சாம். பங்கு இன்னும் ஏறிட்டே இருக்குதாம். அக்காகிட்ட சொல்லுங்க, அவ பங்கும் ஏறிருச்சுன்னான். அந்த ரெண்டு பேருல ஒருத்தன் நாந்தான் மாப்ளேன்னு சொன்னேன். நெசமாவா மச்சான், கலக்கிட்டீங்க போங்கன்னான். அவன் மனசாரத்தான் சொன்னான். நெசமாவே ஏதோ ஜெயிச்சுட்டனோன்னு எனக்கே ஒரு நிமிசம் தோணிப்போச்சு. ஓசூர்க்காரன் இப்ப என்ன பண்ணிட்டிருப்பான். தலைல கைய வெச்சுட்டு உக்காந்திருப்பான். இருக்கட்டும். அவந்தான் பொழச்சவன், அது அவனுக்குத் தெரியாது.

போன வெச்ச கையோட மறுக்கா அடிக்குது. சாந்தா. முடிஞ்சுதான போச்சு, இனிப் பேசலாம். எடுத்தா ஒண்ணும் சத்தமே இல்ல, மூக்க உறிஞ்சற சத்தந்தான். என்ன புள்ளேன்னேன். போச்சுங்கன்னா. ஓன்னு அழுதுட்டா. நான் சும்மா இருக்கச் சொன்னீங்க, என்னால முடியலீங்க, காத்தால உங்க மூஞ்சியப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு வாய் தண்ணி எறங்கலீங்க, எந்த வெலைக்காவது கெடச்சாப் போதும்னு சொன்னீங்கல்ல, சும்மா போட்டுட்டு உக்காந்திருந்தேன், செவப்பா ரெண்டு ரெண்டுன்னு காட்டுச்சு, எச்சாப் போட்ட நான்தானே கடைசில நிக்கோணும், நீங்க மூணாவதாப் போயிட்டீங்களாட்ட, எவனோ நம்மளத் தூக்கறான்னு எனக்குக் கைகாலெல்லாம் ஆடிப்போச்சு, எந்தக் கம்பெனிக்குக் கெடச்சா என்ன, ரெண்டும் நம்முளதுதானேன்னு நானும் எறங்கினேனுங்க. எத்தன எறங்கினாலும் அவன் உடலீங்க. பத்துப் பைசா, பத்துப் பைசாவா எறங்கறான், மனுசனே இல்லீங்க அவன். கடைசில பத்துப் பைசாவுல உட்டுட்டேன், கரண்டு போயி நெட்டும் போயி வந்துச்சு, அந்த நேரத்துல முடிஞ்சுபோச்சு, இல்லாட்டி உட்டிருக்கமாட்டேனுங்க. நான் திரையப் பாக்கறேன். பச்சையா முதலிடம், காகிதப் பூ இன்னும் கொட்டிட்டே இருக்குது. அப்ப மொதல்லயே நின்னுபோனவன் அந்த ஓசூர்க்காரன். அசையவே இல்லையாம், இப்பத்தான் வெங்கிடு சொன்னான். சொன்னப்பவே தெரிஞ்சிருக்கோணும் எனக்கு. கீரக்கட்டு வாங்கறவளாட்டன்னு நானே சொன்னனே. எல்லாத் தடவையும் கடைசி நேரத்துலதான் அமுத்துனா, கண்ணாடி இல்லாமத் தேடித் தேடி அமுத்தியிருப்பா. ரெண்டும் ஒரே ஊடுன்னு போய்ச் சொன்னா ரெண்டையும் தூக்கிருவாங்க. முடியாதுன்னு சொன்னாலும் முடிஞ்சுது. சொல்றதுக்கு ஒரு எடமும் இல்ல, நடுவுல நிறுத்திச் சிரிக்கறதுக்கு அங்க யாருமே இல்ல. உள்ள மெஷின் ரெண்டு மூணு சேந்து ஓட ஆரம்பிச்சிருச்சு. ஏனுங்க, பேசுங்கங்கறா. எதுக்கெதுக்க எறங்குனது நாமதான்னு இன்னிக்குச் சொல்லோணுமா. ஆர்டரு கைக்கு வர்றப்ப தானா அவளுக்குத் தெரியும், அது ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரத்துக்காச்சும் அவ தூங்கட்டும். இருபது இருபத்தஞ்சு வருசமா என்கிட்டத் தோத்துத் தோத்துக் கையெழுத்துப் போட்டவ, இன்னிக்கும் தோத்துட்டா.

அவ அழுகைய நிறுத்திட்டா. மூச்ச இழுத்து உட்டா. அப்பறம் ரொம்ப மெதுவா, சாமிகிட்ட கேக்கற மாதிரி கேட்டா. "நம்ம வயித்துல அடிச்சானே, அவன் ஊடு வெளங்குமுங்களா?"

"வெளங்காது சாந்தா"ன்னேன். "நீ போயி சோறு தின்னு."